மார்பிள் தரையில் ஆசிட் பட்ட தடமும் கறையும்: எதைக் கழுவுவது, எதைத் தேய்ப்பது

மார்பிள் தரையில் மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தால் பெரும்பாலோர் கை முதலில் போவது கிளீனர் பாட்டிலுக்குத்தான். துடைத்தும் போகவில்லையா, இன்னும் காட்டமான கிளீனர். அதற்கும் மசியவில்லையா, பாத்ரூம் ஆசிட். அதோடு கையளவு வட்டம் முழத்துக்கு விரிந்து, துணி போன வழியெல்லாம் வெள்ளைக் கோடாக நிற்கும்.

அந்த வட்டம் அழுக்கே இல்லை என்பதுதான் விஷயம். மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்ட இடத்தில் கல் கரைகிறது. கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வெளியேறுகிறது. மிஞ்சுவது ஒரு கால்சியம் உப்பு. மார்பிளின் பளபளப்பு மேலே பூசியது அல்ல. கல்லின் முகத்தையே அவ்வளவு சமமாக இழைத்திருப்பதால் வருவது. அமிலம் அந்தச் சமத்தைக் கெடுத்துச் சொரசொரப்பாக்கியதும் வெளிச்சம் சிதறுகிறது, நம் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிகிறது. இதை அரிப்பு என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய், காபி, துரு, மை போன்றவை கல்லின் துளைகளுக்குள் இறங்கி நிறம் மாற்றுவது கறை. அரிப்பில் கல் குறைந்திருக்கிறது. கறையில் வேறொன்று கூடியிருக்கிறது. குறைந்ததை எந்த கிளீனராலும் திருப்பித் தர முடியாது. உள்ளே ஊறியதை மேலே பாலிஷ் போட்டு எடுக்கவும் முடியாது. எது என்று தெரியாமல் வேலையில் இறங்கினால் கெட்டது இரண்டு மடங்காகும்.

கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். தடத்தின் மேல் பிரதிபலிப்பு உடைந்து, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் மங்கினால் அரிப்பு. பிரதிபலிப்பு அப்படியே இருந்து, நிறம் மட்டும் கருத்தோ மஞ்சளாகவோ இருந்தால் கறை. பிறகு நகத்தை நுனியாக வைத்து, நல்ல இடத்திலிருந்து தடத்துக்குள் மெல்ல இழுங்கள். விளிம்பில் நகம் தடுக்கிறதா, வெறும் கண்ணுக்கு மட்டும் தெரிகிறதா என்பதை மனதில் வையுங்கள். எந்த கிரிட்டில் (இழைக்கும் பேடின் சொரசொரப்பைச் சொல்லும் எண், எண் கூடக் கூட நைசு) வேலையைத் தொடங்குவது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

பழச்சாறு, வைன் மாதிரியானவை இரண்டையும் சேர்த்துச் செய்யும்: அமிலம் அரிக்கும், நிறம் உள்ளே இறங்கும். அப்போது கறையை முதலில் எடுக்க வேண்டும், இழைப்பு பிறகு. தலைகீழாகச் செய்தால், கறையை உறிஞ்சி எடுக்க அப்பும் பொடிக் குழைவான பற்று புதிதாகப் போட்ட பாலிஷைக் கொஞ்சம் மங்கவைக்கும். இழைப்பு வேலையை இன்னொரு முறை செய்ய நேரும்.

இன்னும் இரண்டு சாத்தியங்கள் உண்டு. ஒன்று, கல்லின் மேல் மெழுகோ அக்ரிலிக் பூச்சோ இருந்து, கெட்டது அந்தப் பூச்சு மட்டுமாக இருக்கலாம். ஓரத்தில், பார்வைக்குத் தெரியாத இடத்தில் பிளேடை லேசாகச் சாய்த்து வழித்துப் பாருங்கள். மெல்லிய சீவல் உரிந்து வந்தால் பூச்சு இருக்கிறது. அதைக் கரைத்து எடுத்தாலே பாதி பிரச்சினை போய்விடும். இரண்டாவது, கல்லே மார்பிள் அல்லாமல் இருப்பது. மார்பிள் என்ற பேரில் விற்கும் பச்சைக் கற்கள் பல செர்பென்டைன் வகை. அமிலத்துக்கு அவ்வளவாக அசையாது, ஆனால் தண்ணீர் ஊறினால் வளையும். கல் தூளை ரெசினில் குழைத்து வார்த்த செயற்கை மார்பிளும் உண்டு. அதில் அசிட்டோன் வைத்தால் ரெசின் பாதிக்கப்படும். சந்தேகம் இருந்தால் ஃபிரிட்ஜுக்கு அடியில் மறையும் மூலையில் ஒரு சொட்டு வினிகர் விட்டு 5 நிமிடம் கழித்துத் துடையுங்கள். கால்சைட் மார்பிள் என்றால் மங்கிய புள்ளி நிற்கும். டோலமைட் மார்பிள் மெதுவாகவே வினைபுரியும். மங்கல் லேசாக இருக்கும்.

ஆசிட் இப்போதுதான் கொட்டியது என்றால்

துடைப்பத்தால் தள்ளாதீர்கள். ரப்பர் கையுறை போட்டு, பழைய துணியையோ பேப்பரையோ மேலே போட்டு உறிஞ்சி எடுங்கள். தேய்க்கத் தேய்க்கப் பரப்பு பெருகும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரை வரும். நுரை நிற்கும்வரை ஊற்றி, பிறகு சுத்தமான தண்ணீரால் மூன்று முறையாவது அலசி, ஒவ்வொரு முறையும் ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தாலோ துணியாலோ முழுதாக எடுத்துவிட வேண்டும்.

உண்மையில் சில நிமிடங்களில் கல்லே அந்த அமிலத்தைத் தின்று தீர்த்திருக்கும். நாம் ஓடிவந்து சோடா ஊற்றுவது பெரும்பாலும் இணைப்புகளிலும் ஸ்கர்ட்டிங் ஓரத்திலும் தங்கியதற்காகத்தான். அதைவிட முக்கியம் அலசல். பாத்ரூம் ஆசிட்டில் பெரும்பாலும் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மார்பிளோடு சேர்ந்தால் வருவது கால்சியம் குளோரைடு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு. அரைகுறையாக அலசினால் ஈரப்பதம் கூடிய நாட்களில் அந்த இடம் மட்டும் வேர்த்ததுபோல் கருத்துத் தெரியும். பலர் இதைக் கறை என்று நினைத்து மேலும் ஏதாவது ஊற்றுவார்கள். வேண்டியது தண்ணீர் மட்டுமே.

இணைப்புகளையும் கவனியுங்கள். சிமென்ட் கிரவுட்டை அமிலம் மார்பிளைவிட வேகமாகப் பொடியாக்கும். மறுநாள் ஒரு ஆணி முனையால் கீறிப் பாருங்கள். மணலாக உதிர்ந்தால் கெட்டியான அடுக்கு வரும்வரை சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். அப்படியே விட்டால், பின்னால் இழைக்கும்போது ஊற்றும் தண்ணீரெல்லாம் கல்லுக்கு அடியில் போகும்.

பிளீச் கதை வேறு. அது காரம், மார்பிளைக் கரைக்காது. ஆனால் தேங்கி உலர்ந்தால் அதிலுள்ள உப்பு துளைகளுக்குள் படிகமாகி வெள்ளையாகப் பூக்கும். திரும்பத் திரும்ப நடந்தால் மேல்முகத்துத் துகள்களைப் பெயர்த்துவிடும். ஒன்றை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாது: ஆசிட் போட்ட இடத்தில் பிளீச் ஊற்றுவது, அல்லது அதற்கு மாறாகச் செய்வது. குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அமோனியாவோடும் பிளீச் சேரக் கூடாது.

கறைக்குப் பற்று

கல்லுக்குள் இறங்கிய கறையை வெளியே இழுக்கும் வழக்கமான முறை பற்று போடுவது. ஒரு வெள்ளைப் பொடியில் கறைக்கேற்ற திரவத்தைக் குழைத்து அப்பி, மூடி, பிறகு திறந்து உலரவிடுவது. திரவம் உள்ளே போய்க் கறையைக் கரைக்கிறது. பொடி உலரும்போது அந்தக் கரைசலைத் தன் பக்கம் உறிஞ்சிக்கொள்கிறது. கறையை எடுப்பது உலர்தல்தான். மூடியிருந்த பிளாஸ்டிக்கை எடுத்தவுடன் ஈரத்தோடு வழித்தெடுத்துவிட்டு "பற்று வேலை செய்யவில்லை" என்பவர்கள் பாதி வேலையில் நிறுத்தியவர்கள்.

பொடிக்கு டால்க், வெள்ளைக் களிமண்ணான கயோலின், டயாட்டம் மண் எதுவும் ஆகும். இரும்பு கலந்த நிறக் களிமண் கூடாது. அதுவே புதுக் கறையை வைக்கும். ஒரு சதுர அடிக்கு சுமார் அரை கிலோ குழைத்த பற்று தேவைப்படும். பதம் முக்கியம்: கரண்டியைக் கவிழ்த்தால் வழியக் கூடாது, பரப்பினால் விரிசல் விடக் கூடாது. முதலில் கல்லைக் காய்ச்சி வடித்த நீரால் லேசாக நனைத்துத் துடையுங்கள் (எண்ணெய்க் கறைக்கு இந்த நனைப்பு வேண்டாம்). பற்றை 6 முதல் 12 மில்லிமீட்டர் கனத்தில், கறையின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் வரும்படி பரப்புங்கள். விளிம்போடு நிறுத்தினால் கறை ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வளையமாக நிற்கும். அடியில் காற்றுக் குமிழி இருந்தால் அந்த இடம் மட்டும் எடுபடாது. மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, ஓரங்களை டேப்பால் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, பொடி தானாக வெடித்துப் பெயரும்வரை உலரவிடுங்கள். இன்னொரு நாள் ஆகலாம். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன தகட்டால் வழித்து, அலசி, கல் முழுதாக உலர்ந்த பிறகுதான் பலனைப் பார்க்க வேண்டும். ஈரக் கல்லில் எல்லாமே கறையாகத்தான் தெரியும். ஒரே பற்றில் பழைய கறை போவது அரிது. மூன்று நான்கு முறை போடுவது சாதாரணம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளுத்தால் சரியான திரவம்தான். இரண்டு முறைக்குப் பிறகும் அசையவில்லை என்றால் கறையின் வகையைத் தப்பாகக் கணித்திருக்கிறீர்கள்.

எண்ணெய், கிரீஸ், மெழுகு என்றால் அசிட்டோன். சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் குழைத்த உடனே மூட வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்பு, தீப்பொறி, சுவிட்ச் போடுவது எதுவும் அந்தப் பக்கம் கூடாது.

காபி, தேநீர், இலைச்சாறு, சிகரெட் மஞ்சள் போன்ற தாவரக் கறைகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. 6 சதவீதம் பெரும்பாலும் போதும். பழைய கறைக்கு 12 சதவீதம் வரை போகலாம். கடைசியில் சில சொட்டு அமோனியா சேர்த்தால் வேகம் கூடும். பெராக்சைடில் இருக்கும் லேசான அமிலத் தன்மையும் அடங்கும். 12 சதவீதம் தோலைச் சுடும், கண்ணுக்கு ஆகாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கலந்ததை மூடிய பாட்டிலில் எடுத்து வைக்காதீர்கள், வாயு அழுத்தத்தில் வெடிக்கும். கறுப்பு, சிவப்பு மார்பிளில் முதலில் மூலையில் சோதியுங்கள், கல்லின் நிறமும் வெளுக்கக்கூடும். இன்னொன்று: அசிட்டோன் பற்று பலிக்காமல் பெராக்சைடுக்கு மாறுவதென்றால், நடுவில் நன்றாக அலசி முழுதாக உலரவிட்டே ஆக வேண்டும். இந்த இரண்டும் கலந்தால் வெடிக்கும் சேர்மம் உருவாகலாம்.

துரு தனிக் கதை. இரும்பு நாற்காலியின் கால், பெயின்ட் டின், பூந்தொட்டித் தாங்கி வைத்த வட்டம் எல்லாம் இந்த வகை. துரு நீக்கி என்று கிடைப்பவற்றில் பல ஆக்சாலிக் அமிலமோ ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ கொண்டவை. துருவோடு கல்லையும் எடுத்துவிடும். இரண்டாவது அமிலம் தோலில் பட்டால் உள்ளே எலும்பு வரை போய்ப் பாதிக்கும், வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. மார்பிளுக்கு ஏற்றது அம்மோனியம் தயோகிளைகோலேட் உள்ள, நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் துரு நீக்கி. இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாகும். அழுகிய முட்டை மாதிரி நாறும். ஊதா தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அது கல்லின் மேல் உலரும்முன் அலசிவிட வேண்டும். கறையைத் தாண்டி எங்கு பார்த்தாலும் ஊதா வந்தால் கல்லிலேயே இரும்புக் கனிமம் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். வெள்ளை மார்பிள் அறை முழுதும் மஞ்சளிப்பது பெரும்பாலும் இந்த உள் இரும்பு, அடியிலிருந்து ஏறும் ஈரத்தில் துருப்பிடிப்பதால்தான். அதை மேலிருந்து எதுவும் நிரந்தரமாகத் தீர்க்காது. கசியும் குழாயைத் தேடுங்கள்.

மை, பெயின்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட்டை பிளேடைப் படுக்க வைத்து வழித்துவிட்டு, மிச்சத்துக்கு தின்னர் பற்று. மைக்கு வெளிர் கல்லில் பெராக்சைடு, அடர் கல்லில் அசிட்டோன்.

அரிப்புக்கு இழைப்பு

நகம் தடுக்காத, கண்ணுக்கு மட்டும் தெரியும் மங்கல் என்றால் பாலிஷ் பவுடர் போதும். டின் ஆக்சைடு அல்லது அலுமினியம் ஆக்சைடு. ஆக்சாலிக் அமிலம் கலந்தவை வேகமானவை, கவனமும் அதிகம் வேண்டும். கையளவு இடத்துக்கு ஒரு டீஸ்பூன் பவுடர், இரண்டு டீஸ்பூன் தண்ணீர். ஈரமான ஃபெல்ட்டையோ வெள்ளை நைலான் பேடையோ வைத்து, கையால் என்றால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க 5 நிமிடம். தரை மெஷின் என்றால் நிமிடத்துக்கு 175 சுற்றில் 2, 3 நிமிடம். ஆரம்பத்தில் பால் மாதிரி ஓடும் குழம்பு, தேயத் தேயக் கெட்டியாகி, பேடை இழுத்துப் பிடிக்கும். அந்த இழுவைதான் கணக்கு. அப்போது நிறுத்தி அலச வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டு உலரவிட்டால், முகம் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாகக் கருகிவிடும். அதைச் சரிசெய்ய 400-க்கு இறங்கி மறுபடி இழைக்க வேண்டும்.

நகம் தடுக்கிறது என்றால் பவுடருக்கு அங்கே வேலை இல்லை. வைரத் துகள் பதித்த டைமண்ட் பேடு வேண்டும். வழக்கமான வரிசை 50, 100, 200, 400, 800, 1500, 3000. லேசாகத் தடுத்தால் 400-ல் தொடங்கலாம். தெளிவாகப் பள்ளம் தெரிந்தால் 200. பாத்ரூம் ஆசிட் தேங்கி நின்ற தரை பெரும்பாலும் 100-க்கு இறங்க வைக்கும். 50 என்பது கல்லின் மட்டத்தையே குறைக்கும் வேலை. முன் அனுபவம் இல்லாமல் வேண்டாம். பொதுவாக 800 வரை இழைத்துப் பவுடரில் முடிப்பது, 3000 வரை ஏறுவதைவிட நல்ல ஆழமான பளபளப்பைத் தரும் என்பது என் கட்சி.

மெஷின் தண்ணீர் விட்டு ஓடுவதாகவும், வேகத்தைக் குறைக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். சாதாரண ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். மார்பிளைக் கிண்ணம்போலக் குடைந்து, ரெசின் பேடை உருக்கித் தரையில் கறையாகப் பூசும். ஈர பாலிஷருக்கு 1,000 முதல் 2,000 போதும். தண்ணீரும் மின்சாரமும் கலந்த வேலை என்பதால், கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத பாயின்ட்டில் மாட்டாதீர்கள்.

இழைப்பில் கெடுவது இரண்டே இடத்தில். முதலாவது, கிரிட்டைத் தாண்டுவது. 100 போட்ட கீறலை 200 எடுக்கும், 200-ன் கீறலை 400 எடுக்கும். 100-லிருந்து 800-க்குத் தாவினால் 800 அந்தக் கீறல்களின் மேட்டை மட்டும் மினுக்கும். சுழல் சுழலான கோடுகள் பளபளப்புக்கு நடுவில் எடுப்பாகத் தெரியும். ஒவ்வொரு கிரிட்டுக்குப் பிறகும் குழம்பை முழுதாக அலசி, உலர்த்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரத்தில் கீறல் ஒளிந்துகொள்ளும். முந்தைய கிரிட்டின் ஒரு துகள் பேடுக்கு அடியில் மாட்டினாலும் கோடு விழும். பள்ளம் முழுதாகப் போய்விட்டதா என்று தெரிய, உலர்ந்த கல்லில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு ஒருமுறை இழையுங்கள். கோடு எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே இன்னும் தாழ்வு இருக்கிறது.

இரண்டாவது, தடத்தை மட்டும் குறிவைத்து இழைப்பது. வட்டம் போய்விடும், அந்த இடத்தில் ஒரு குழி நிற்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. மாலையில் ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்போது தரை நெளியும். ஒவ்வொரு கிரிட்டிலும் முந்தையதைவிட 5 சென்டிமீட்டர் வெளியே போய், முடிந்தால் அந்தக் கல்லை இணைப்பு முதல் இணைப்பு வரை முழுதாக இழைத்துவிடுங்கள். கல்லுக்குக் கல் பளபளப்பில் சிறு வித்தியாசத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும். ஒரே கல்லுக்குள் வந்தால் பொறுக்காது.

இழைத்தும் போகாத ஆழமான குழிகளுக்கு, கல்லின் நிறத்துக்குக் கலந்த பாலியெஸ்டர் அல்லது எபாக்ஸி நிரப்பி. கல் உள்வரை முழுதாக உலர்ந்திருக்க வேண்டும்; ஈரத்தில் ஒட்டாது. பாலியெஸ்டருக்கு ஹார்ட்னர் எடையில் 2 முதல் 3 சதவீதம். கூடினால் சீக்கிரம் கெட்டியாகி மஞ்சளிக்கும். இறுகும்போது கொஞ்சம் சுருங்கும் என்பதால் மட்டத்துக்கு மேலேயே நிரப்பி, இறுகிய பின் பிளேடால் சீவி, 200-லிருந்து கல்லோடு சேர்த்து இழைக்க வேண்டும். கறையை எடுக்காமல் நிரப்பினால் அந்தக் கறை உள்ளே சிறைப்பட்டது, இனி வராது.

சிலர் இதற்கெல்லாம் பதிலாக கிரிஸ்டலைசேஷன் செய்துவிடலாம் என்பார்கள். மக்னீசியம் ஃபுளூரோசிலிகேட் கலந்த திரவத்தைத் தெளித்து, கனமான மெஷினில் ஸ்டீல் ஊல் பேடால் சூடு ஏறத் தேய்க்கும் முறை அது. நன்றாக இழைத்த தரைக்கு மேல் மினுக்கு ஏற்ற அது உதவும். அரித்த தரைக்கு மேல் போட்டால் அரிப்பு மினுக்கோடு தெரியும், அவ்வளவுதான். உதிர்ந்த ஸ்டீல் ஊல் இழைகளைக் காந்தத்தால் எடுக்காமல் விட்டால், அடுத்த முறை துடைத்த ஈரத்தில் துருப் புள்ளிகளாக முளைக்கும்.

கடைசியாக சீலர், அதாவது கறை ஊறாமல் இருக்கப் பூசும் திரவம். கல்லுக்குள் இறங்கும் வகையே மார்பிளுக்குச் சரி. அது எண்ணெயும் காபியும் ஊறுவதைத் தாமதப்படுத்தும். அமில அரிப்பை அது தடுக்காது, ஏனென்றால் அமிலம் தொடுவது துளையை அல்ல, கல்லின் முகத்தை. இழைத்து முடித்த பின் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48, உலரவிட்டு, மெல்லியதாகப் பூசி, 5 முதல் 10 நிமிடத்தில் மிச்சத்தைத் துப்புரவாகத் துடைத்துவிட வேண்டும். பாலிஷ் போட்ட மார்பிள் மிகக் கொஞ்சமே குடிக்கும். துடைக்காமல் விட்டது பிசுபிசுத்த பனிப்படலமாக உலர்ந்துவிடும். அப்படி ஆனால் சுரண்ட வேண்டாம். அதே சீலரை மேலே இன்னொரு முறை பூசி, இரண்டு நிமிடத்தில் பழைய படலம் இளகியதும் உலர்ந்த துணியால் துடைத்தால் வந்துவிடும்.